வன்னிச் சிறுநகரில் வர்த்தகர் சங்கப் பொறுப்பை ஏற்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் ஒருவர் பெயரை முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, கைதட்டி முடிக்க இரண்டு நிமிடம் போதும். வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இலங்கையின் வடக்கே வன்னியில் மாங்குளமோ, பரந்தனோ, மல்லாவியோ, புதுக்குடியிருப்போ, எந்தச் சிறுநகரிலும் வர்த்தகர் சங்கத் தலைவருக்குச் சம்பளம் இல்லை. பெரும்பாலும் ஓர் எழுதுவினைஞர்கூட இல்லை. 1839இல் கொழும்பில் தொடங்கிய இலங்கை வர்த்தக சம்மேளனத்துக்கு ஒரு செயலகம் உண்டு. நமக்குக் காசு லாச்சிக்குப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு மூன்று கொப்பிகள்தான் செயலகம். அவற்றை ஒழுங்காக வைத்திருந்தால் பேச்சுத் திறமை இல்லாதவரும் சங்கத்தை நடத்தலாம். அவை குழம்பினால் எவ்வளவு நன்றாகப் பேசுபவரும் இரண்டாம் ஆண்டில் களைத்துவிடுவார்.

ஒப்புக்கொள்ளும் முன்

முதலில் நேரத்தைக் கணக்குப் பாருங்கள். செயலாளருக்கு வாரத்துக்கு 5, 6 மணித்தியாலம் வேண்டும். தலைவருக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் அந்த நேரம் பகலில், அரச அலுவலகம் திறந்திருக்கும்போது வேண்டும். பிரதேச செயலகத்துக்கோ பிரதேச சபைக்கோ போனால் அரை நாள் போய்விடும். அந்த அரை நாள் கடையில் யார் நிற்பது? மனைவியோ, கணவரோ, நம்பிக்கையான வேலையாளோ இருக்க வேண்டும். தனி ஆளாகக் கடை நடத்துபவர் தலைவர் பதவியைத் தவிர்த்து நிர்வாக உறுப்பினராக இருப்பதே நல்லது.

தொழிலும் பதவியும் பொருந்த வேண்டும். போட்டோக்கொப்பி, அச்சு வேலை செய்யும் கடைக்காரர் செயலாளராக வந்தால் கடிதங்கள் தாமதமாகாது. பாமசிக்காரர் காலை முதல் இரவு வரை கடையை விட்டு அசைய மாட்டார், கணக்கிலும் கவனமானவர். பொருளாளர் பதவி அவருக்குப் பொருந்தும். சாப்பாட்டுக்கடைக்காரருக்கு மத்தியானக் கூட்டம் சரிவராது. பிரதேச சபைக்கு ஒப்பந்த வேலை செய்பவர், அடுத்த தேர்தலில் கேட்கப் போகிறவர், வட்டிக்குக் கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவர் ஆகிய மூவரையும் தலைவராக்காமல் விடுவது சங்கத்துக்கும் அவர்களுக்கும் நல்லது. தலைவரும் பொருளாளரும் ஒரே வீட்டுக்காரராகவோ பங்காளிகளாகவோ இருக்கவே கூடாது. சொந்தக்காரராகவும் இருக்கக் கூடாது என்று விதித்தால் நம் ஊர்களில் ஆளே கிடைக்காது.

பொறுப்பைக் கையேற்றல்

கையேற்பை அதே வாரத்தில் முடிக்க வேண்டும். பழைய நிர்வாகத்திடமிருந்து பெற வேண்டியவை: கூட்ட அறிக்கைப் புத்தகம், அங்கத்தவர் பதிவேடு, காசேடு, வங்கிப் புத்தகம், காசோலைப் புத்தகம், சங்க முத்திரை, கடிதத்தலைப்பு, யாப்பின் (சங்க விதிகளின்) பிரதி, பதிவுச் சான்றிதழ், கதிரைகள் ஒலிபெருக்கி போன்ற தளபாடங்களின் பட்டியல், வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகி உரிமை. பற்றுச்சீட்டுப் புத்தகங்களை எழுதியது, எழுதாதது என்று பிரித்து, இலக்கம் பார்த்து வாங்குங்கள். 1 முதல் 50 வரையான ஒரு புத்தகம் காணவில்லையென்றால் அதைக் கையேற்புப் பட்டியலிலேயே எழுதி இருதரப்பும் கையொப்பமிட வேண்டும். அன்று எழுதாமல் விட்டால், ஆறு மாதம் கழித்து யாராவது அந்தப் பற்றுச்சீட்டோடு வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

வங்கிக் கையொப்ப மாற்றத்தில்தான் பல சங்கங்கள் சறுக்குகின்றன. புதிய நிர்வாகத் தெரிவைக் காட்டும் கூட்ட அறிக்கையின் உறுதிப்படுத்திய பிரதி, யாப்பு, புதியவர்களின் தேசிய அடையாள அட்டை ஆகியவை பொதுவாகத் தேவைப்படும். கிளையில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் எவராவது இருவர் கையொப்பமிடலாம் என்று ஒழுங்கு செய்யுங்கள். "இருவரும் கட்டாயம்" என்று குறிப்பிட்ட இரண்டு பேரைப் போட்டுவிட்டு, அதில் ஒருவர் மகளோடு இருக்க கனடாவுக்குப் போய்விட்டால், சங்கக் காசு இருந்தும் எடுக்க முடியாது.

வீதியை நடந்து எண்ணுதல்

அடுத்த வேலை பதிவேடு. பழைய பதிவேட்டை நம்பாதீர்கள். மூடிய கடைகளின் பெயர்கள் அதில் இருக்கும், புதிதாகத் திறந்தவை இருக்காது. இரண்டு பேர் ஒரு பின்னேரம் வீதியின் ஒரு பக்கம் போய் மறுபக்கமாகத் திரும்பி வர வேண்டும். கடைப்பெயர், உரிமையாளர், தொலைபேசி, தொழில், சொந்தக் கட்டடமா வாடகையா, வியாபாரப் பெயர் பதிவு உண்டா, இந்த ஆண்டுக்கான பிரதேச சபை அனுமதிப்பத்திரம் உண்டா என்று ஏழு நிரல் போட்ட தாள் போதும். பதிவில்லாதவர்களைப் பயமுறுத்தாதீர்கள். வியாபாரப் பெயரைப் பதிவது பிரதேச செயலகத்தில். ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் பெறுவது பிரதேச சபையில். இரண்டும் ஒன்று என்று நினைத்து ஒன்றை மட்டும் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த விளக்கத்தைக் கொடுப்பதே சங்கத்தின் முதல் சேவை.

வீட்டு முற்றத்தில் தையல், அப்பம், மா அரைத்தல், அழகுக்கலை என்று தொழில் செய்யும் பெண்களையும் எண்ணுங்கள். போருக்குப் பின் வன்னியில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்களின் தொழில் வீதி முகப்பில் இல்லாததால் சங்கத்தின் கண்ணில் படுவதில்லை. இரவு 8 மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு "பொம்பிளையள் வாறேல்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை. மத்தியானம் 2 மணிக்கும் 3.30க்கும் இடையில் வெயிலுக்குக் கடைத்தெரு ஓய்ந்திருக்கும். கூட்டத்துக்கு நல்ல நேரம் அது. பொதுக்கூட்டத்துக்குப் போயா விடுமுறை நாள் தோதானது.

சந்தா: எவ்வளவு, எப்போது

பெரிய கடைக்குக் கூட, சின்னக் கடைக்குக் குறைவு என்பது நியாயம்தான். ஆனால் எது பெரிய கடை என்ற சண்டைக்கு முடிவே இல்லை. எண்ணக்கூடிய ஓர் அளவு வையுங்கள்: ஒரு ஷட்டர் ஒரு பங்கு, இரண்டு ஷட்டர் இரண்டு பங்கு. வாக்கு மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

உதாரணத்துக்கு 110 கடைகள், எல்லாம் ஒரு ஷட்டர், மாதம் 300 ரூபாய் என்று வைப்போம். ஆண்டுக்கு ஒருவர் 3,600. எல்லாரும் கட்டுவார்கள் என்று பாதீடு போடாதீர்கள். பத்தில் ஏழு பேர் என்று கணக்கிட்டால் 77 பேர், 2,77,200 ரூபாய். அதற்குள் நிற்கும் செலவுகளை மட்டும் திட்டமிடுங்கள்.

எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதில்தான் வசூல் தங்கியிருக்கிறது. வன்னியின் கடைத்தெரு நெல்லோடு ஓடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் (ஒக்டோபர், நவம்பரில்) பெரும்போக விதைப்பும், அதாவது பெரிய நெற்போக விதைப்பும், பசளையும். அந்த மாதங்களில் பலசரக்குக் கடைக்காரரின் காசு முழுவதும் விவசாயிகளின் கடன் கொப்பியில் இருக்கும். உரக்கடையிலும் இரும்புக்கடையிலும் அப்படியே. பெரும்போக வெட்டு தை கடைசியில் தொடங்கி மாசி, பங்குனி வரை போகும். நெல் விற்ற காசு வந்தால்தான் கொப்பி கழியும். ஆகவே மார்கழியில் சந்தாவுக்குப் போனால் "அண்ணை, வெட்டு முடியட்டும், தாறன்" என்ற பதில்தான் வரும். அது சாட்டு அல்ல, உண்மை. ஆண்டுச் சந்தாவின் கடைசித் திகதியைப் பங்குனி (மார்ச்) 31 என்று யாப்பிலேயே எழுதுங்கள். முல்லைத்தீவுக் கரையோரம் கதை வேறு. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பு. கடல் தணிந்து தொழில் சூடுபிடித்த பிறகுதான் மீனவர் நம்பியிருக்கும் கடைகளில் காசு புரளும். அங்கே சித்திரை, வைகாசி பொருத்தம்.

வசூலுக்கு ஒருவர் தனியே போகக் கூடாது. பற்றுச்சீட்டு கடையிலேயே எழுதி, கொப்பிப் பிரதி புத்தகத்தில் நிற்க வேண்டும். "பிறகு எழுதித் தாறன்" என்று ஒருமுறை சொன்னால் போதும், ஊர் கதைக்கத் தொடங்கிவிடும். வசூலித்த காசு மறுநாள் வங்கிக்கு. சில்லறைச் செலவுக்குப் பொருளாளர் கையில் 5,000 ரூபாய்க்கு மேல் வேண்டாம்.

நன்கொடைக் கடிதங்கள்

கோயில் திருவிழா, விளையாட்டுக் கழகம், பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி, மரணச் சடங்கு, நினைவுக் கிண்ணம் என்று மாதம் நாலு கடிதம் வரும். ஒவ்வொன்றும் நல்ல காரியம், எல்லாவற்றுக்கும் கொடுத்தால் சங்கம் உண்டியலாகிவிடும். ஆண்டின் தொடக்கத்திலேயே ஒரு தொகையை ஒதுக்குங்கள். வருமானத்தில் 15 சதவீதம் என்றால் மேலே சொன்ன கணக்கில் ஏறத்தாழ 41,500 ரூபாய். அது முடிந்தால் "இந்த ஆண்டு ஒதுக்கீடு முடிந்தது" என்று கையொப்பமிட்ட கடிதம் கொடுங்கள். தலைவரின் கடைக்கு வந்து முகத்துக்கு நேரே கேட்பவருக்கு மறுப்புச் சொல்ல இந்த ஒதுக்கீடுதான் துணை. வெளிநாட்டில் இருப்பவர்கள் வெள்ளத்துக்கென்று அனுப்பும் காசைச் சந்தாக் காசோடு கலக்காமல் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். அனுப்பியவருக்கு பட்டியலும் சிட்டைகளின் படமும் போக வேண்டும்.

யாப்பும் பதிவும்

இங்கே அதிகம் மினக்கெட வேண்டாம். நான்கு பக்க யாப்பு போதும். யார் அங்கத்தவர், யாருக்கு வாக்கு, கோரம் (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வர வேண்டியவர்கள்) எத்தனை, பதவிக்காலம் எவ்வளவு, தொடர்ந்து எத்தனை முறை இருக்கலாம், காசு எப்படி எடுக்கப்படும், சங்கம் கலைந்தால் சொத்து யாருக்கு என்பவை தெளிவாக இருந்தால் சரி. பதவிக்காலம் இரண்டு ஆண்டு, ஒரே பதவியில் தொடர்ந்து இரண்டு முறை என்பது நல்ல அளவு. ஓராண்டு போதாது, அலுவலகங்களில் முகம் பழகவே அவ்வளவு காலம் எடுக்கும். கோரத்தைப் பாதிப் பேர் என்று வைத்தால் கூட்டம் கூடாமலே போகும். சந்தா கட்டியவர்களில் மூன்றில் ஒன்று போதும்.

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக (அங்கத்தவரின் பொறுப்பு அவர் உறுதியளித்த தொகையோடு நிற்கும் கம்பனியாக) பதியலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். சொந்தக் கட்டடம் வாங்கப் போகிறீர்கள், பெரிய திட்ட நிதி கையாளப் போகிறீர்கள் என்றால் சரி. இல்லையென்றால் ஆண்டு விவர அறிக்கை, கணக்காய்வு, கம்பனிச் செயலாளர் கட்டணம் என்று சந்தாவில் பெரும்பகுதி அதற்கே போகும்.

மாதக் கூட்டம்

75 நிமிடம். அதற்கு மேல் போனால் கடைக்காரரின் மனம் கடையில் இருக்கும். நிகழ்ச்சி நிரலில் ஐந்து விடயத்துக்கு மேல் போடாதீர்கள். அறிக்கை அன்றிரவே எழுதப்பட வேண்டும். "வடிகால் பிரச்சினை ஆராயப்பட்டது" என்று எழுதினால் அது அறிக்கை அல்ல. இப்படி எழுதுங்கள்: "வைத்தியசாலை ஒழுங்கை முகப்பில் வடிகால் மூடி இரண்டு உடைந்துள்ளன. புகைப்படத்துடன் கடிதம் 14ஆம் திகதிக்குள். பொறுப்பு: உப செயலாளர். பெறப்பட்ட முத்திரையுள்ள பிரதி அடுத்த கூட்டத்தில் காட்டப்படும்." ஆள், திகதி, அத்தாட்சி மூன்றும் இருந்தால்தான் அடுத்த மாதம் கேள்வி கேட்க முடியும்.

அரச அலுவலகங்களோடு வேலை

பாதிக் கடிதங்கள் தவறான அலுவலகத்துக்குப் போவதால்தான் பதிலில்லாமல் கிடக்கின்றன. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. ஏ9 கண்டி வீதி, மாங்குளம் - முல்லைத்தீவு ஏ34, பரந்தன் - முல்லைத்தீவு ஏ35 எல்லாம் அதில் அடங்கும். சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. உள் ஒழுங்கைகள் பெரும்பாலும் பிரதேச சபைக்கு. ஏ9 ஓரத்தில் நீர் தேங்குகிறது என்று பிரதேச சபைத் தவிசாளரிடம் சண்டை பிடிப்பதில் பயனில்லை. அவர் செய்யக்கூடியது இன்னொரு கடிதம் எழுதுவதுதான். தெருவிளக்கு எரியவில்லையென்றால் சபைக்குச் சொல்லுங்கள், கம்பத்தின் இலக்கத்தோடு. கம்பமே சரிந்திருந்தால் மின் விநியோக அலுவலகத்துக்கு.

கடிதம் ஒரு பக்கம், ஒரு விடயம். எங்கே, எத்தனை மீற்றர், எப்போதிலிருந்து, என்ன கேட்கிறீர்கள் என்று எழுதி, திகதி தெரியும் புகைப்படம் இரண்டு இணையுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் "பெறப்பட்டது" முத்திரை வாங்குங்கள். மூன்று வாரத்தில் பதில் இல்லையென்றால் நினைவூட்டல். அதற்கும் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் "இக்கடிதத்தின் மீது எடுத்த நடவடிக்கை என்ன" என்று விண்ணப்பியுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் எடுக்க வேண்டும். கத்துவதைவிட இது வேகமாக வேலை செய்யும், முகமும் முறியாது.

காலமும் முக்கியம். கார்த்திகையில் மழை பிடித்த பின் வடிகால் துப்புரவு கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆவணியில் கேளுங்கள். பிரதேச சபையின் அடுத்த ஆண்டுப் பாதீடு வருடம் முடியுமுன் நிறைவேற வேண்டும். பஸ் நிலையக் கழிப்பறை, சந்தைக் கூரை போன்ற செலவான வேலைகளைப் புரட்டாதி முடியுமுன் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

பரிசோதனைகள்

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை அதிகாரிகள் வந்து வழக்குப் போட்டால் உடனே தலைவருக்குத்தான் போன் வரும். அதற்கு முன்பே செய்ய வேண்டியது இருக்கிறது. விலைப்பட்டியல் கண்ணில் படும்படி காட்சிக்கு வைப்பதும் குறித்த விலைக்கு மேல் விற்காததும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி கட்டாயம். அங்கத்தவர்களுக்கு ஒரே மாதிரியான விலைப்பலகையைச் சங்கமே அச்சடித்துக் கொடுக்கலாம். ஆனால் விலையை சங்கம் தீர்மானிக்கக் கூடாது. எல்லாரும் ஒரே விலைக்கு விற்பதென்று கூட்டத்தில் முடிவெடுத்து அறிக்கையிலும் எழுதினால் உங்களுக்கு எதிரான சாட்சியை நீங்களே எழுதியதாகும். போட்டிக்கு எதிரான நடைமுறைகளும் அதே சட்டத்தின் கீழ் விசாரிக்கப்படலாம்.

தராசு, படிக்கல் முத்திரையிடல் ஆண்டுதோறும் வேண்டும். ஒவ்வொருவரும் தராசைத் தூக்கிக்கொண்டு அலையாமல், மாவட்ட அளவீட்டு அலகு அலுவலகத்தோடு பேசி நகரிலேயே ஒரு நாளைப் பெறுங்கள். ஆடாத மேசை நாலு, மின் இணைப்பு, நிழல், முன்கூட்டி எடுத்த தராசுப் பட்டியல் இருந்தால் காலையிலேயே பாதி முடிந்துவிடும். தராசை முதல் நாளே துடைத்து வரச் சொல்லுங்கள்; சீனி, மா ஒட்டிய தட்டோடு வந்தால் நிறை பிசகும், வரிசையும் நிற்கும்.

வேலையாட்களின் சேமலாப நிதி பற்றி ஆண்டுக்கொரு விளக்கக் கூட்டம் போதும். ஊழியர் சேமலாப நிதிக்கு வேலையாளிடமிருந்து 8 சதவீதம், முதலாளியிடமிருந்து 12. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியிடமிருந்து 3.

காலாவதியான பொருளை விற்றவருக்காகவும் நிறையில் குறைத்தவருக்காகவும் சங்கம் பரிந்து பேசக் கூடாது. ஒருமுறை பேசினால், அடுத்த முறை நியாயமான முறைப்பாட்டோடு போகும்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அதைத்தான் நினைத்துக்கொண்டு கேட்பார்.

கடையடைப்பு

எல்லாவற்றிலும் கஷ்டமான விடயம் இதுதான். ஹர்த்தாலுக்கு அழைப்பு வரும். தலைவரின் கைத்தொலைபேசிக்கு வரும். அன்றிரவே பதில் கேட்பார்கள். தலைவர் தனியே "ஓம்" என்றும் சொல்லக் கூடாது, "இல்லை" என்றும் சொல்லக் கூடாது. நிர்வாகக் குழுவில் குறைந்தது ஐந்து பேரின் முடிவு வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானம் இருக்கட்டும். அறிவித்தல் முதல் நாள் பின்னேரம் 4 மணிக்கு முன் போக வேண்டும். ஏனென்றால் தம்புள்ளையிலிருந்து மரக்கறி லொறி இரவில் புறப்படுகிறது. பேக்கரிக்காரர் இரவு மா குழைத்துவிடுவார். அதற்குப் பிறகு சொன்னால் நட்டம் முழுவதும் அவர்கள் தலையில். பாமசியும் எரிபொருள் நிலையமும் விலக்கு. திறந்தவருக்குத் தண்டம் போடும் வழக்கம் எங்காவது இருந்தால் விட்டுவிடுங்கள். கடையை மூடுவது அவரவர் விருப்பம், சங்கம் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

வெளியூர் வியாபாரிகள்

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், ஆவணியில் மடு மாதா திருவிழா, அதோடு தீபாவளி, பொங்கல் நாட்களில் நடைபாதைக் கடைகள் முளைக்கும். நிரந்தரக் கடைக்காரருக்குக் கோபம் வருவது இயல்பு. ஆண்டு முழுவதும் வாடகையும் அனுமதிப்பத்திரமும் கட்டுபவர் அவர். ஆனால் யாரையும் துரத்தும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை. எந்த ஊர், எந்தச் சமயம் என்று பார்த்துப் பேசத் தொடங்கினால் விடயம் வேறெங்கோ போய் முடியும். சபையிடம் கேட்க வேண்டியவை மூன்று: தற்காலிகக் கடைகளுக்கு ஒதுக்கிய இடம், எல்லாருக்கும் ஒரே கட்டணம், கடை வாசலை மறைக்காத எல்லைக்கோடு. திருவிழாவுக்கு ஒரு மாதம் முன் எழுத்தில் கேளுங்கள்.

அங்கத்தவர்களுக்கு இடையிலான வாடகை, எல்லைச் சண்டைகளை மூன்று பேர் கொண்ட குழுவிடம் விடுங்கள். இரு தரப்புக்கும் கடன் கொடுத்தவரோ, இருவரிடமும் சரக்கு எடுப்பவரோ அதில் இருக்கக் கூடாது.

மழைக்காலம்

2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் எப்படிப் போட்டடித்தது என்று எல்லாருக்கும் தெரியும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகிய குளங்களில் உங்கள் நகருக்கு மேலே இருப்பது எது, அதன் வான்கதவு திறந்தால் தண்ணீர் எந்த வழியால் வரும் என்று நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் ஐப்பசியிலேயே கேட்டு வையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் அந்தக் காலத்தில் பகிர்வுச் செய்திகளை நிறுத்தி, நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி மாற்றுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ ஒவ்வொரு கடையிலும் ஒட்டுங்கள். சீமெந்து, உரம், அரிசி மூட்டைகள் தரையில் நேரே இருக்கக் கூடாது. மரப்பலகைத் தட்டின் மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி. காப்புறுதிப் பத்திரத்தில் வெள்ளம் சேர்த்திருக்கிறதா என்று ஒவ்வொருவரும் பார்க்க வேண்டும். தீயும் திருட்டும் மட்டும் எழுதிய பத்திரத்தை வைத்துக்கொண்டு வெள்ளத்துக்கு இழப்பீடு கேட்டால் கிடைக்காது.

பதவியை ஒப்படைத்தல்

பதவிக்காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே உப தலைவரையும் உப செயலாளரையும் அலுவலகங்களுக்குக் கூட்டிப் போங்கள். பொதுக்கூட்ட அறிவித்தல் 21 நாளுக்கு முன், எழுத்தில், கணக்கறிக்கையோடு. கணக்கை நிர்வாகத்தில் இல்லாத இருவர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். ஓய்வு பெற்ற வங்கி உத்தியோகத்தரோ ஆசிரியரோ ஊரில் இருந்தால் மறுக்க மாட்டார்கள். முன்னாள் தலைவரைப் போசகராக்குவது (கௌரவ ஆதரவாளராக்குவது) வழக்கம். மரியாதைக்கு நல்லது, ஆனால் போசகருக்கு நிர்வாகக் குழுவில் வாக்கு இல்லை, காசோலையில் கையொப்பம் இல்லை, சங்க முத்திரை அவரின் கடையில் இருக்காது என்று யாப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.